செல்போனுக்கும் 'எக்ஸ்பைரி டேட்' உண்டு!

பால் பாக்கெட் வாங்கும்போது தேதி பார்க்கிறோம். ப்ரெட் வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். இருமல் மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறோம். ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே எண்ணிக் கொடுத்து வாங்குகிற செல்போனுக்கு மட்டும் எதைப் பார்க்கிறோம்? கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று!

"செல்போனுக்கு ஏது சார் எக்ஸ்பைரி?" என்கிறீர்களா? இருக்கிறது. பெட்டியில் அச்சடிக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் டெபிட் ஒரு பக்கம், கிரெடிட் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்கிற வியாதி காலேஜிலேயே பிடித்துக்கொண்டது. நண்பர்கள் வட்டாரத்தில் யார் செல்போன் வாங்கக் கிளம்பினாலும் என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். டெக்னாலஜியில் நான் புலி என்பதற்காக அல்ல. கடைக்காரரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படமாட்டேன் என்பதற்காக.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

நண்பரின் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிற தம்பி ஒருவன். வயசு இருபத்து நாலு. சம்பளம் 22 ஆயிரம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஜாகை. ரூம் வாடகை, மெஸ் பில், ஊரில் அம்மாவுக்கு அனுப்புகிற பணம், தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாமே அவன் செல்போன் வழியாகத்தான் போகிறது. பர்ஸில் ரூபாய் நோட்டைப் பார்த்து மாசக்கணக்காகிறது.

அந்த ஃபோனுக்கு வயசு மூன்றரை. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கண்ணை மூடிவிடும். ஒரு ராத்திரி மெஸ்ஸில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஸ்கேன் பண்ண எடுத்தால், ஃபோன் செத்துக் கிடக்கிறது. ஓனர் ஒன்றும் திட்டவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த சார்ஜரைக் கண்ணாலேயே காட்டினார். ஃபோனுக்கு உயிர் வருகிற வரை கால் மணி நேரம், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க அங்கேயே நின்றிருக்கிறான்.

"மானம் போச்சுண்ணே... புது ஃபோன் வாங்கியே ஆகணும். இருபதாயிரத்துக்குள்ள பாருங்க" என்று வந்தான்.

கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? "பேட்டரியை மட்டும் மாத்தினா ரெண்டாயிரத்தோட முடியுமே தம்பி" என்று சொல்லி ஃபோனை வாங்கி செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். செக்யூரிட்டி அப்டேட் என்ற இடத்தில் இருந்த தேதி ஒன்றரை வருஷத்துக்கு முந்தையது. அதற்கப்புறம் கம்பெனி அந்த மாடலைக் கை கழுவிவிட்டது. அந்தத் தேதி மட்டும் உயிரோடு இருந்திருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு பேட்டரியோடு திரும்பியிருப்போம். சரி, கிளம்பு என்றேன்.

கடைக்குள் காலை வைத்ததும் விற்பனைப் பையன் ஆரம்பித்தான்: "ஃபிஃப்டி மெகாபிக்ஸல், எய்ட் ப்ளஸ் எய்ட் சிக்ஸ்டீன் ஜி.பி. ரேம், அஞ்சாயிரம் எம்.ஏ.ஹெச். பேட்டரி, வாட்டர் ப்ரூஃப்..." மூச்சே விடவில்லை. விட்டிருந்தால் ராகமாலிகையாகவே பாடியிருப்பான். தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அந்தப் பாட்டை ஒரு தடவை வரி வரியாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஐம்பது எப்படிப் பன்னிரண்டு ஆகிறது?

முதலில் கேமரா. 50 மெகாபிக்ஸல் கேமராவில் நீங்கள் சாதாரணமாக ஒரு படம் எடுத்தால் கிடைப்பது 12.5 மெகாபிக்ஸல் படம்தான். மோசடி இல்லை, கூட்டு வியாபாரம்! ஒவ்வொரு புள்ளியும் ரொம்பப் பொடிசு, தனியாக அதற்கு வெளிச்சம் போதாது. அதனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நாலு ஒன்றாகச் சேர்ந்து ஒரு புள்ளியாக வேலை பார்க்கின்றன. 108 மெகாபிக்ஸலில் ஒன்பது சேர்ந்து 12. 200 மெகாபிக்ஸலில் பதினாறு சேர்ந்து 12.5. எல்லா ஆறும் கடைசியில் ஒரே கடலில்தான் விழுகிறது.

அந்தப் படத்தை வைத்து நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸப்பில் அனுப்புகிறோம். அது சுருக்கித்தான் அனுப்பும். ஃபுல் ஹெச்.டி. டி.வி. திரை முழுக்க நிறைய இரண்டு மெகாபிக்ஸல் போதும். ஆகவே எண்ணிக்கையை மறந்துவிட்டு, 'ஓ.ஐ.எஸ்.' என்கிற சமாசாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் லென்ஸ் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அது. மங்கலான கல்யாண மண்டபத்தில் அதன் அருமை தெரியும். முதுகில் மூன்று கண் இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். விலை குறைந்த ஃபோன்களில் பல சமயம் ஒரு கண்தான் உழைக்கும், மற்றது இரண்டும் அலங்காரத்துக்கு நிற்கும்.

கடன் வாங்கிய ரேம்

அடுத்து அந்த 'எய்ட் ப்ளஸ் எய்ட்'. முதல் எட்டு நிஜம். இரண்டாவது எட்டு, நீங்கள் ஃபோட்டோவும் பாட்டும் வைக்கிற ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்திலேயே வராது. 'கையிருப்பு எட்டாயிரம், கடன் எட்டாயிரம், ஆக என் சொத்து பதினாறாயிரம்' என்று யாராவது பேலன்ஸ் ஷீட் போட்டால் எங்கள் ப்ரொஃபஸர் வகுப்பை விட்டே வெளியே அனுப்பியிருப்பார்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. "128 ஜி.பி. ஸ்டோரேஜ் சரி, அது யூ.எஃப்.எஸ்.ஸா, இ.எம்.எம்.சி.யா?" இ.எம்.எம்.சி. என்பது ஒற்றை வண்டி மட்டும் போகிற குறுகிய பாலம். ஒரு பக்கத்து வண்டி கடந்த பிறகுதான் எதிர்ப்பக்கத்து வண்டி கிளம்பலாம். யூ.எஃப்.எஸ்.ஸில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போக்குவரத்து. வாங்கின முதல் மாதம் வித்தியாசம் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து, பெட்ரோல் பங்க்கில் பின்னால் நாலு பைக் ஹாரன் அடிக்க, பணம் அனுப்புகிற ஆப் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் பாருங்கள், அப்போது தெரியும்.

பேட்டரிக்கு வருவோம். 2003-இல் வந்த நோக்கியா 1100 ஞாபகமிருக்கிறதா? டார்ச் லைட்டோடு வந்து உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற ஃபோன். அதன் பேட்டரி வெறும் 850 எம்.ஏ.ஹெச். சார்ஜரை ஊரில் மறந்து வைத்துவிட்டு வந்தாலும் இரண்டு மூன்று நாளைக்குக் கவலையில்லை. இன்றைக்கு ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணியைத் தாண்டுவதே பெரிய பாடு. சம்பளம் எவ்வளவு என்பதல்ல, செலவு எவ்வளவு என்பதுதான் கணக்கு. திரை பளபளப்பு ஒரு செலவு. டவர் சரியாகக் கிடைக்காத ரூமில் ஃபோன் ஓயாமல் சிக்னலைத் தேடுகிறதே, அது ஒரு செலவு.

அப்புறம் 'வாட்டர் ப்ரூஃப்'. ஐ.பி.68 என்றால் 6 என்பது தூசிக்கு, 8 என்பது தண்ணீருக்கு. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், கம்பெனி சொன்ன ஆழத்தில், சொன்ன நேரத்துக்கு. மெரினா உப்புத் தண்ணீருக்கும் மேன்ஷன் சோப்புத் தண்ணீருக்கும் அதில் இடமில்லை. தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான வாரண்டிகள் செல்லாது என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மழையில் நனைந்தால் தாங்கும் என்ற அளவுக்கு நம்புங்கள், போதும்.

பெட்டியில் எழுதாதது

இதெல்லாம் எழுதி வைத்திருப்பது. தினசரி நம்மைப் படுத்துவது பெரும்பாலும் எழுதி வைக்காதது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராமிடம் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போதெல்லாம் நமக்கு வருகிற காலுக்கும் நாமே காசு கொடுக்கவேண்டும். 2003-இல்தான் இன்கமிங் இலவசமானது. காசு கொடுத்துக் காது கொடுத்த அந்தக் காலத்தில், குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இன்றைக்குக் கடையில் செல்ஃபி எடுத்துப் பார்க்கிறார்கள், பாட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். யாராவது ஒருத்தர் ஃபோன் பேசிப் பார்க்கிறார்களா?

தம்பியை விட்டு அவன் சிம்மை டெமோ பீஸில் போட்டு அம்மாவிடம் பேசச் சொன்னேன். கடைப் பையன் எங்களை விநோதமாகப் பார்த்தான். முதல் ஃபோனில், "என்னப்பா, கிணத்துக்குள்ள இருந்து பேசுறியா?" என்றார் அந்த அம்மா. அந்த ஃபோன் அத்தோடு ஆட்டத்திலிருந்து அவுட்.

இரண்டாவது வெயில். ஏ.ஸி. கடைக்குள் எல்லாத் திரையும் அழகுதான். பட்டப்பகலில் பஸ் ஸ்டாப்பில் நின்று ஓ.டி.பி. படிக்க முடிகிறதா? டெமோ பீஸை வாசல் வரை எடுத்துப்போய்ப் பார்த்தோம். கடைப் பையனும் கூடவே வந்தான், பாவம், நாங்கள் ஓடிவிடுவோமோ என்று.

மூன்றாவது ஈரக் கை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ரேகை வைத்தால் ஃபோன் திறக்கிறதா? சிலது நம்மை யாரென்றே தெரியாத மாதிரி நடந்துகொள்கின்றன.

நான்காவது விளம்பரம். விலை மலிவான சில ஃபோன்களில் பூட்டிய திரையிலேயே விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் கேட்காத ஆப்கள் ஒரு டஜன் ஏற்கெனவே குடியேறியிருக்கும். அதில் சிலதைக் காலி செய்யவே முடியாது. விலையில் குறைத்ததை நம் கண்ணிலிருந்து வசூலிக்கிறார்கள்.

பூட்டு மாற்றும் தேதி

இப்போது எக்ஸ்பைரி சமாசாரம்.

ஃபோனின் மென்பொருளில் ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். திருடன் புதுப்புதுக் கள்ளச்சாவி செய்யச் செய்ய, கம்பெனி பூட்டை மாற்றிக் கொடுக்கிற மாதிரி ஓட்டையை அடைத்து அனுப்புவதுதான் செக்யூரிட்டி அப்டேட். அது நின்றுபோன நாளிலிருந்து உங்கள் வீட்டுக்கு அதே பழைய பூட்டு. மறுநாளே கொள்ளை போய்விடும் என்று அர்த்தமில்லை. ஆனால் உள்ளே இருப்பது உங்கள் பேங்க் கணக்கு. தவிர, ஆப்களும் ஒவ்வொன்றாகப் பழைய ஃபோனைக் கைவிடும். ஆண்ட்ராய்டு 4.4-இல் ஓடிய ஃபோன்களை வாட்ஸப் 2025 ஜனவரியோடு கைவிட்டது.

எத்தனை வருஷம் தருவார்கள்? கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறுபடும். கூகுள் 2023-இல் பிக்ஸல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தன. இவை விலை உயர்ந்த ஜாதி. ஆனால் அதே 2024-இல் சாம்சங் தன் ஏ16 மாடலுக்கு ஆறு வருஷம் என்றது. அது நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற விலை. ஆப்பிள் 2018-இல் விட்ட ஐஃபோன் எக்ஸ்.ஆர்., 2024-இல் வந்த ஐ.ஓ.எஸ். 18 வரைக்கும் வாங்கிக்கொண்டது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தரவேண்டும். பேட்டரி 800 முறை முழுசாகச் சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதம் தாங்கவேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொதுவாகக் கம்பெனிகள் அந்த வருஷங்களை எண்ண ஆரம்பிப்பது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல! 'மெகா ஆஃபர்' என்று பாதி விலைக்குத் தள்ளுகிற ஃபோன் எதற்காகத் தள்ளப்படுகிறது என்று இப்போது புரிகிறதா? நாளைக்குக் கெடப்போகிற ப்ரெட்டை இன்றைக்குப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

கடைசியில் இரண்டு ஃபோன்கள் மிஞ்சின. இரண்டிலும் அம்மா குரல் தெளிவாகக் கேட்டது.

முதலாவது ஆஃபரில் 13,999 ரூபாய். கம்பெனி சொன்னது மூன்று வருஷ அப்டேட். மாடல் வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு வருஷம். அதாவது ஒரு நாளைக்கு 38 ரூபாய்.

இரண்டாவது 18,499. மாடல் வந்து மூன்றே மாசம். ஆறு வருஷ அப்டேட். தம்பி நாலு வருஷம் வைத்துக்கொள்வான், நடுவில் ஒரு தடவை பேட்டரி மாற்ற இரண்டாயிரம் என்று போட்டால், மொத்தம் 20,499. ஒரு நாளைக்கு 14 ரூபாய்.

எது விலை மலிவு? வெறும் பாட்டும் சினிமாவும்தான் என்றால் முதலாவதைத் தாராளமாக வாங்கலாம். சம்பளமே குடியிருக்கிற ஃபோன் என்றால் கணக்கு வேறு.

அந்த நேரம் பார்த்துக் கடைப் பையன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "ப்ரோ, கிரெடிட் கார்டு இருக்கா? முப்பத்தாறாயிரம் ரூபா ஃபோன், மாசம் மூவாயிரம், பன்னெண்டு மாசம். நோ காஸ்ட் இ.எம்.ஐ.! வட்டியே கிடையாது." தம்பியின் கண் அந்தப் பளபளப்பான ஃபோன் மேல் போய்விட்டது. என்னைப் பார்த்தான்.

நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு தவணையில் ஒளிந்திருக்கிற வட்டி 2,900 ரூபாய் சொச்சம். அதை ஆரம்பத்திலேயே 'தள்ளுபடி' என்று கழித்துக் காட்டுவார்கள். ஆனால் கார்டு வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது சுமார் 530. பிராஸஸிங் கட்டணம் 199 என்றால் அதன் வரியோடு 235. ஆக 765 ரூபாய் போச்சு. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியும் கோவிந்தா. ஜீரோ பர்ஸென்ட் வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது.

765 ரூபாய் பெரிய விஷயமில்லை. ஒரு வருஷத்துக்கு மாதா மாதம் சம்பளத்தில் மூவாயிரம் முதலிலேயே போய்விடுகிறதே, அது பெரிய விஷயம். ஒரு தவணை தவறினால் அபராதம். கிரெடிட் ஸ்கோரில் கறை. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது, மானேஜர் கம்ப்யூட்டரில் முதலில் தெரிவது அந்தக் கறைதான்.

"தங்கச்சி ஃபீஸ் எப்ப கட்டணும்?" என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. 18,499 ரூபாய் ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் கேட்டேன். ராத்திரி மெஸ்ஸுக்குப் போகும்போது பேட்டரி முப்பது சதவீதம் மிச்சமிருக்கிறதாம். ரூமில் டவர் கிடைக்காவிட்டாலும் வைஃபை வழியாகக் கால் வருகிறதாம். குறையும் உண்டு. சாயங்கால வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தையை எடுத்தால் படம் குழம்பிப்போகிறது. பெட்டியில் சார்ஜர் இல்லாததால் அதற்குத் தனியாகச் செலவு. "பரவாயில்லண்ணே, நான் என்ன போட்டோகிராபரா?" என்றான்.

கடையில் பத்து நிமிஷம்

நீங்கள் வாங்கப் போகிறீர்களா? இதைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மாடல் எப்போது வந்தது, எத்தனை வருஷ அப்டேட் என்று கம்பெனியின் சொந்த அறிவிப்பில் பாருங்கள். கடைக்காரர் வாய் வார்த்தை போதாது.

2. உங்கள் சிம்மைப் போட்டு ஒருவரோடு பேசுங்கள். முடிந்தால் தெருச் சத்தத்தில் நின்று.

3. வெயிலில் திரையைப் பாருங்கள். கையை நனைத்து ரேகை வையுங்கள். தமிழில் நாலு வரி டைப் அடித்துப் பாருங்கள்.

4. ஸ்டோரேஜ் யூ.எஃப்.எஸ்.ஸா என்று கேளுங்கள். கடன் ரேமைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

5. சார்ஜர், கவர், டெம்பர்ட் க்ளாஸ் எல்லாம் சேர்த்து மொத்த விலை போடுங்கள். பிறகு எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்களோ அதால் வகுங்கள்.

6. *#06# அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது முறையான ஃபோன்தானா என்று பதில் வரும். செகண்ட் ஹாண்ட் வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் காசை எடுக்காதீர்கள்.

7. பில் வாங்குங்கள். 2020 ஏப்ரல் முதல் செல்போனுக்கு வரி 18 சதவீதம். 18,499-இல் 2,800 ரூபாய்க்கு மேல் வரிதான். அவ்வளவு கொடுத்துவிட்டு ஒரு காகிதம் கூடக் கேட்காமல் வருவானேன்?

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு பேனாவை எடுத்து, அட்டைப் பெட்டி மேல் அப்டேட் முடிகிற மாதத்தையும் வருஷத்தையும் பெரிதாக எழுதி பீரோ மேல் வையுங்கள். கம்பெனிக்காரர்கள் அச்சடிக்க மறந்ததை நாமே எழுதிவிடலாம், பேனா மை ஒன்றும் அவ்வளவு விலை இல்லை!